கல்வித் தகுதியைக் கலவித் தகுதி ஆக்குவது எப்படி?

தலைப்பைப் பார்த்துட்டு அவசரமா உள்ள ஓடி வந்தவங்க மன்னிக்கணும். நீங்க நினைச்ச மேட்டர் இங்க இல்லை. ஆய்வேட்டு அட்டவணையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடணும் என்பதுதான் இன்றைய புலம்பல். "இதுக்கெல்லாம் ஒரு பதிவாடா?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும் :-)

அக்கா பொண்ணு தமிழ்த்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்தாள். காசிமேட்டில் மீன் விற்கிற பெண்களின் வழக்காறுகள் பற்றி. விடியற்காலை ரெண்டு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலம் முடிகிற வரை அங்கேயே நின்று, கூடை தூக்கும் அம்மாக்கள் பின்னாடியே நடந்து, 64 பேரிடம் பேசி எழுதினது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளர் அட்டவணை ஒன்று உண்டு. வரிசை எண், வயது, கல்வித் தகுதி, தொழில், குடியிருப்பு, எத்தனை வருஷமாய்த் தொழிலில் இருக்கிறார் என்று ஆறு பத்தி. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அஞ்சு பிரதி கறுப்பு பைண்டிங், தங்க எழுத்து எல்லாம் போட்டுச் சமர்ப்பித்தாள். சில மாதம் கழித்து ஒரு தேர்வாளரிடமிருந்து அறிக்கை வந்தது. சாராம்சம் இதுதான்: கள ஆய்வு நன்று, ஆனால் அட்டவணைகளில் ஒற்றுப் பிழைகள் மலிந்துள்ளன, குறில் நெடில் வேறுபாடு கூடப் பேணப்படவில்லை, திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்.

தமிழ்த்துறைப் பொண்ணைப் பார்த்து "உனக்கு ஒற்று தெரியலை" என்று சொல்வது எப்படின்னா, காசிமேட்டுக்காரரைப் பார்த்து "உனக்கு வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் வித்தியாசம் தெரியலை" என்று சொல்வது மாதிரி. அழுதுகொண்டே ராத்திரி ஒன்பது மணிக்குக் காலடிப்பேட்டையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் அந்தக் கறுப்பு அட்டை.

"மாமா, நான் ஒழுங்காத்தான் அடிச்சிருக்கேன். ஃபைல்ல எல்லா எழுத்தும் இருக்கு மாமா. பேப்பர்லதான் இல்ல."

பார்த்தேன். அவள் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கோப்பில் சொடுக்கி அந்தச் சொல்லைத் தேடினால் "கல்வித் தகுதி" வருகிறது. எழுத்துப் பிழை பார்க்கிற மென்பொருளும் சிவப்புக் கோடு போடவில்லை. ஆனால் காகிதத்தில், அட்டவணைத் தலைப்பில், "ல்" மேல் இருந்த புள்ளி கட்டத்தின் மேல்கோட்டோடு ஒட்டி மறைந்துவிட்டது. "த்" மேல் இருந்ததும் போச்சு. "கலவித தகுதி: ஐந்தாம் வகுப்பு" என்று நிற்கிறது. அதுக்குக் கீழே இன்னும் மோசம். நெடிலைக் காட்டுகிற சுழி வெட்டுப்பட்டு, "மீன் வியாபாரம்" என்பது "மின வியாபாரம்" ஆகியிருக்கு. "சொந்த வீடு" வந்து "சொநத விடு". எண்ணூர் பழைய அனல் மின் நிலையத்தையே 2017-ல் மூடிட்டாங்க. காசிமேட்டு ஆயாக்கள் எங்கேர்ந்து மின் வியாபாரம் பண்ணுவாங்க?

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியவில்லை.

நடந்தது என்ன?

கேட்டு வாங்கிய கதை இது. பல்கலைக்கழகம் எது என்று சொல்ல மாட்டேன்; எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். ஆய்வேடு முழுக்க ஒன்றரை வரி இடைவெளி என்பது விதி. "அட்டவணைக்கும் அதேதானா சார்?" என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். "முழுக்கன்னா முழுக்கதாம்மா" என்று பதில். அப்படியே வைத்தாள். அந்த ஒரு அட்டவணை மட்டும் ஒன்பது பக்கம் ஓடியது. "இவ்வளவு பக்கமா, சுருக்கும்மா" என்றார் நெறியாளர். பைண்டிங் போடுகிற கடையில் ஒரு தம்பி அஞ்சே நிமிஷத்தில் சுருக்கிக் கொடுத்தார். எப்படி? அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, வரி இடைவெளியில் 'எக்ஸாக்ட்லி' என்பதைப் போட்டு, பக்கத்தில் 10 பாயிண்ட் என்று அடித்தார். கட்டத்தின் உயரத்துக்கும் அதே வைத்தியம். எழுத்தோ 11 பாயிண்ட் தமிழ் எழுத்து. ஒன்பது பக்கம் நாலு பக்கம் ஆச்சு. சமர்ப்பிக்க மறுநாள் கடைசி நாள். சரிபார்க்க யாருக்கு நேரம்?

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபமே இல்லை. அவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுருக்கச் சொன்னாங்க, சுருக்கினார். என் கோபமெல்லாம் மேல இருக்கிறவங்க மேலதான்.

முதல் குற்றவாளி: "முழுக்கன்னா முழுக்க"

இந்த இரட்டை இடைவெளி, ஒன்றரை இடைவெளி எல்லாம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தட்டச்சு இயந்திரக் காலத்து வழக்கம். கையெழுத்துப் படியைப் படிக்கிறவர் வரிக்கு நடுவில் பேனாவால் திருத்தம் எழுத இடம் வேண்டும். அதற்காக உருளையை ரெண்டு பல் தள்ளி அடித்தார்கள். நியாயமான காரணம். இன்றைக்குத் திருத்தம் எல்லாம் கணினியிலேயே ஓரத்தில் வருகிறது. காரணம் செத்துப் போச்சு, விதி மட்டும் பென்ஷன் வாங்கிக்கிட்டு உயிரோட இருக்கு.

பத்தி பத்தியாக ஓடும் உரைக்கு ஒன்றரை இடைவெளி வைத்தாலாவது பரவாயில்லை, கண் தாங்கும். அட்டவணை வேற ஜாதி. உரையில் கண் ஒரே ஓட்டமாய் ஓடும். அட்டவணையில் கண் குறுக்கே போகணும், பிறகு கீழே இறங்கணும், மறுபடி குறுக்கே. குறுக்கே போகும்போது இது எந்த வரிசை என்று கண்ணுக்குத் தெரியவேண்டும்.

வடசென்னைக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்றேன். ஒண்டுக் குடித்தனம் பார்த்திருப்பீங்க. ஒரு வீட்டுக்குள்ள அஞ்சு பேர் நெருங்கி இருப்பாங்க. ஆனா பக்கத்து வீட்டுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கும். அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் ரெண்டு மூணு வரி இருந்தால் அவை ஒரே குடும்பம், நெருங்கித்தான் இருக்கணும். அடுத்த வரிசை என்பது பக்கத்து வீடு. நடுவுல இடைவெளி கூடுதலாக இருக்கணும். உள்ளே நெருக்கம், வெளியே விலகல். அட்டவணை வைக்கிற கலை மொத்தமும் இந்த நாலு வார்த்தைதான்.

ஒன்றரையை முழுக்கப் பூசினால் என்ன ஆகிறது? "மீன் வெட்டுதல் மற்றும் கருவாடு போடுதல்" என்ற கட்டத்தின் முதல் வரிக்கும் ரெண்டாம் வரிக்கும் நடுவில் எவ்வளவு இடமோ, அவ்வளவே இடம்தான் அதற்கும் அடுத்த தகவலாளருக்கும் நடுவில். சுவர் இடிஞ்சு போச்சு. "கருவாடு போடுதல்" 23-ஆம் எண் அம்மாவுடையதா 24-ஆம் எண் அம்மாவுடையதா? கோடு போட்டிருந்தால் தப்பித்தோம். போடாவிட்டால் குறி சொல்கிறவரைத்தான் கூப்பிடணும்.

"வெளிநாட்டில் எல்லாம் இதுதான் விதி" என்று யாராவது பீத்திக்கொண்டால் நம்பாதீங்க. அமெரிக்க உளவியல் கழகத்தின் கையேடு, உலகம் முழுக்க ஆய்வாளர்கள் ஏபிஏ என்று கும்பிடுகிற புத்தகம், 2019-ல் வந்த ஏழாம் பதிப்பில் உரைக்கு இரட்டை இடைவெளி கேட்கிறது. ஆனால் அட்டவணையின் உடலுக்கு ஒற்றை, ஒன்றரை, இரட்டை எதுவும் இருக்கலாம், படிக்க எது வசதியோ அது என்று விட்டுவிடுகிறது. லாடெக்கில் இரட்டை இடைவெளிக்கு என்றே 'செட்ஸ்பேஸ்' என்று ஒரு தொகுப்பு உண்டு. அதில் இரட்டை என்று கட்டளை கொடுத்தால் உரை மட்டும் விரியும். அடிக்குறிப்பும், மிதக்க விட்ட அட்டவணையும் படமும் ஒற்றையிலேயே நிற்கும். அதை எழுதியவருக்கு யோசனை இருந்திருக்கிறது. நம்ம சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்குத்தான் ஸ்கேல் மட்டும் இருக்கு.

இரண்டாம் குற்றவாளி: ரோமன் எழுத்துக்குத் தைத்த சட்டை

இது இன்னும் ஆழமான வியாதி. எங்க அப்பா ஓர் அச்சகத்தில் கம்போஸிட்டராக இருந்தவர். ஈய எழுத்துக் காலம். வரிக்கு நடுவில் இடம் வேண்டும் என்றால் ஈயத் தகடு செருகுவார்கள். ஆங்கிலத்தில் வரி இடைவெளிக்கு 'லெடிங்' என்று பேர் வந்ததே அந்த ஈயத்தால்தான். தகடு செருகலாம், எடுக்கலாம். ஆனால் ஒரு எல்லைக்கு மேல் நெருக்கவே முடியாது. ஏன்னா ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஈயக்கட்டை மேல் நிற்கிறது. மேலே புள்ளிக்கும் கீழே "ழு"வின் வாலுக்கும் சேர்த்தே அந்தக் கட்டையை வார்த்திருப்பார்கள். கட்டையும் கட்டையும் முட்டினால் அதோட சரி. புள்ளி தேஞ்சு போகலாம், உடையலாம். ஆனா பக்கத்து வரியால் வெட்டுப்படாது. அப்பா நினைத்தாலும் கல்வியைக் கலவி ஆக்க முடியாது. அவர் காலத்தில் ஈயமே காவல்காரன்.

கணினி அந்தக் காவல்காரனை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. எண் எவ்வளவு சின்னதாகப் போட்டாலும் கேள்வி கேட்காமல் நசுக்கும்.

அதுவும் நசுக்குகிற அளவுகள் எல்லாம் ரோமன் எழுத்தைப் பார்த்துத் தைத்தவை. பக்கம் வடிவமைக்கிற மென்பொருள்களில் தானியங்கி வரி இடைவெளி என்பது எழுத்தளவில் 120 விழுக்காடு. 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் வரி. டெக் இன்னும் சுவாரசியம். டொனால்ட் நூத் 1977-ல் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப் படியைப் பார்த்து வெறுத்துப் போய், "நானே செய்கிறேன்" என்று உட்கார்ந்து எழுதிய மென்பொருள் அது. அதன் மேல் கட்டிய லாடெக், அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டுக்காலை நிறுத்துகிறது. அகலம் பூஜ்யம், உயரம் மட்டும் உண்டு. வரி உயரத்தில் பத்தில் ஏழு பங்கு அடிக்கோட்டுக்கு மேலே, மூணு பங்கு கீழே. வரிசையை விரிக்க 'அரேஸ்ட்ரெட்ச்' என்று ஒரு எண் இருக்கிறது. அது இந்த முட்டுக்காலைத்தான் நீட்டும். ஒண்ணு என்பது இயல்பு நிலை.

ஆங்கிலத்துக்கே இந்த ஒண்ணு போதாது. கிடைக்கோடு போட்டால் பெரிய எழுத்தின் தலை கோட்டில் இடிக்கும். அதனால்தான் சைமன் ஃபியர் என்பவர் 'புக்டேப்ஸ்' என்று ஒரு தொகுப்பு எழுதி, கோட்டுக்கு மேலும் கீழும் தனியாக இடம் விட வைத்தார். செங்குத்துக் கோடு போடவே போடாதே, இரட்டைக் கோடு வேண்டாம் என்று அதன் கையேட்டில் அடித்துச் சொல்கிறார். தலையில் தொங்குகிற எதுவுமே எழுத்தை மாற்றாத ஒரு மொழிக்கே இவ்வளவு கவலை. (ஆங்கிலத்தில் "ஐ" எழுத்தின் தலைப் புள்ளி போனாலும் அது "ஐ"தான்.)

நமக்கு? 18 மெய்யெழுத்துக்கும் புள்ளிதான் உயிர். சரி, மெய்க்கு உயிர் என்று சொன்னால் இலக்கண வாத்தியார் அடிக்க வருவார் :-) மெய்க்குப் புள்ளிதான் அடையாளம் என்று வச்சுக்குங்க. தொல்காப்பியத்திலேயே விதி. புள்ளியை எடுத்தால் எழுத்து அசிங்கமாவதில்லை, *வேற எழுத்து* ஆகிவிடுகிறது. இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் வித்தியாசம் தலையில் உள்ள சின்னச் சுழி. உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் பல எழுத்தில் வித்தியாசம் கீழே உள்ள வால். ஆக, நம்ம எழுத்தின் அர்த்தத்தில் பாதி கூரையிலும் மீதி அடித்தளத்திலும் இருக்கு. வரி இடைவெளியைக் குறைக்கிறவன் முதலில் வெட்டுவது அந்த ரெண்டையும்தான்.

ஓலைச்சுவடிக் காலத்தில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். படிக்கிறவன் இடம் பார்த்து ஒற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பதிப்பாசிரியர்கள் கண் போகிற மட்டும் உட்கார்ந்து எது மெய், எது உயிர்மெய் என்று பிரித்துப் புள்ளி வைத்து நமக்கு அச்சில் தந்தார்கள். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய புள்ளியை, "பக்கம் கூடுது" என்று ஒரு எண்ணைத் தட்டித் திருப்பிக் கொடுக்கிறோம். ஓலை கிழியும் என்பதாவது காரணம். நமக்கு என்ன காரணம்? அஞ்சு பக்கம் மிச்சம்!

மூன்றாம் குற்றவாளி: அடியேன்

ஆமாங்க. நான் பல வருஷம் குப்பை கொட்டியதே இந்தத் தொழிலில்தான். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டுகிற வேலை. சென்னை, புதுச்சேரி, திருவனந்தபுரம் என்று இந்தத் தொழில் தென்னிந்தியாவில் வேர் விட்டிருக்கு. இந்திய டெக் பயனாளர் குழு 1998-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது; 2002-ல் உலக டெக் பயனாளர் மாநாடே அங்கேதான் நடந்தது. ஐரோப்பாவில் யாரோ ஒரு பேராசிரியர் எழுதும் கட்டுரையின் அட்டவணைக்கு நம்ம ஊர்ப் பையன் ராத்திரி ஷிப்டில் கோடு தட்டிக்கொண்டிருப்பான்.

அங்கே நான் எப்படி வேலை செய்தேன்? அவங்க அனுப்புகிற நடைக் கையேட்டில் அட்டவணை எழுத்து 8 பாயிண்ட், வரி 10 பாயிண்ட், கோட்டுக்கு மேல இவ்வளவு, கீழ இவ்வளவு என்று போட்டிருக்கும். அரை பாயிண்ட் மாறினால் திருப்பி அனுப்புவார்கள். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். இன்டிசைனில் கட்டத்துக்குள் எழுத்து அடங்காமல் போனால் ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். அந்தச் சிவப்புப் புள்ளி ஒண்ணு கூட இல்லாமல்தான் பக்கத்தை அனுப்பணும்.

அக்கா பொண்ணு சமர்ப்பிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணினாள். "மாமா, ஒரு தடவை டேபிளை மட்டும் பார்த்துத் தர்றியா?"

"இந்த வாரம் ஆணி அதிகம்மா. கடையிலயே குடுத்துடு, அவங்களே பார்த்துப்பாங்க."

இதுதான் நான் சொன்ன பதில். யாரோ ஊர்பேர் தெரியாதவர் அட்டவணையில் அரை பாயிண்டுக்கு உசிரை விட்டவன், சொந்த அக்கா பொண்ணு தமிழில் எழுதிய அட்டவணையைக் கடைக்கு அனுப்பினேன். காரணம் நேரம் இல்லை என்பது மட்டும் இல்லை. அடிமனசில், ஆங்கில அட்டவணை என்றால் தொழில், தமிழ் அட்டவணை என்றால் ஜெராக்ஸ் கடை வேலை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்குத்தான் இந்தப் பதிவு முழுக்க செருப்படி. முதல் அடி எனக்கு.

"சின்ன விஷயம்தானே?"

இப்படிக் கேட்கிறவர்களுக்கு ரெண்டு பதில்.

ஒண்ணு, ஆய்வேடு அலமாரியில் தூங்குகிற காலம் போச்சு. 2009-ல் வந்த யுஜிசி விதிமுறையிலிருந்து ஆய்வேட்டின் மின்பிரதியும் கொடுக்க வேண்டும், ஷோத்கங்காவில் ஏறுகிறது. நாளைக்கு இன்னொரு பிள்ளை அதைப் பார்த்து மேற்கோள் காட்டும். அந்தப் பிள்ளை பார்ப்பது கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் புள்ளியை இல்லை.

ரெண்டு, அந்த 64 அம்மாக்கள். அவர்கள் பேச்சை யாரும் இதற்கு முன் எழுதி வைத்ததில்லை என்பதால்தான் இவள் விடியலில் போய் நின்றாள். அவர்களில் பலருக்கு ஆய்வேட்டில் இருக்கிற ஒரே அடையாளம் அந்த அட்டவணையின் ஒரு வரிசை. வயது, படிப்பு, தொழில், வீடு. அந்த ஒரு வரியையும் தலை வெட்டி, வால் வெட்டி, பக்கத்து வரிசையோடு குழப்பி வைத்தால், அவர்களுக்கு என்ன மரியாதை? அந்த அம்மா மீன் வித்து வாழ்ந்தவங்க. காகிதத்தில் "மீன்" என்று இருக்கணும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சரி, என்னதான் பண்ணணும்?

திட்டிவிட்டு மட்டும் போனால் நியாயம் இல்லை. அன்றைக்கு ராத்திரி நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். வேர்டு வைத்திருக்கிற யாரும் செய்யலாம்.

முதல் வேலை, அட்டவணைக்குள் அடித்திருந்த வெற்று என்டர்களை எல்லாம் அழித்தோம். இடம் வேண்டும் என்றால் என்டர் தட்டுவது, தாகம் எடுத்தால் சட்டையை நனைத்துக்கொள்வது மாதிரி. கட்டத்துக்குள் 'பத்திக்குப் பின் இடைவெளி' இருந்தால் அதையும் பூஜ்யம் ஆக்கினோம். அது இருந்தால் எழுத்து மேல்கோட்டில் ஒட்டிக்கொண்டு கீழே காலியாக நிற்கும்.

ரெண்டாவது, கட்டத்தின் உள் ஓரம். வேர்டில் இடது வலது ஓரத்துக்குக் கொஞ்சம் இடம் தானாகவே இருக்கும். மேல் கீழ் ஓரம் மட்டும் பூஜ்யம். ஆமாங்க, பூஜ்யம். புள்ளி போய்க் கோட்டில் முட்டாமல் என்ன செய்யும்? மேலும் கீழும் 3 பாயிண்ட் கொடுத்தோம். குடித்தனங்களுக்கு நடுவே சுவர் வந்தது.

மூணாவது, வரி இடைவெளி. 'ஒற்றை' என்று விட்டால் அந்தந்த எழுத்துருவின் உயரத்துக்கு ஏற்ப வரி மாறும். தமிழ் உள்ள வரி உயரமாகவும், ஆங்கில எழுத்துருவில் எண் மட்டும் உள்ள வரி குள்ளமாகவும் வரும். எண்களையும் அதே தமிழ் எழுத்துருவில் மாற்றினோம். பிறகு 'அட் லீஸ்ட்' போட்டு 16 பாயிண்ட். 'எக்ஸாக்ட்லி' தீண்டத்தகாதது இல்லை. 11 பாயிண்ட் தமிழுக்கு 17 என்று தாராளமாகக் கொடுத்தால் அதுவும் ஒழுங்காக நிற்கும். குற்றம் அந்தச் சொல்லில் இல்லை, பக்கத்தில் போட்ட 10-ல் இருக்கு. கட்டத்தின் உயரத்தை மட்டும் எப்பவும் 'எக்ஸாக்ட்லி'யில் பூட்டாதீங்க.

நாலாவது, தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரச் செய்தோம். ஒரு வரிசை ரெண்டு பக்கத்துக்குப் பிளந்து போகாமல் பூட்டினோம். செங்குத்துக் கோடுகளை எடுத்துவிட்டு, அஞ்சு வரிசைக்கு ஒரு தடவை கொஞ்சம் கூடுதல் இடம். கண் எண்ணிக்கொண்டே இறங்கும்.

லாடெக் ஆட்கள் என்றால் புக்டேப்ஸ் சேர்த்து, அரேஸ்ட்ரெட்சை 1.3-லிருந்து 1.4 வரை வைத்துப் பாருங்க. எழுத்துருவுக்கு ஏற்ப மாறும்.

கடைசியாக எல்லாவற்றையும் விட முக்கியமானது: அச்செடுத்துப் பாருங்க. திரையில் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு "ஓகே" என்று சொல்லாதீங்க. காகிதத்தில், "ல்" மேல் விரலை வைத்து, புள்ளி இருக்கா என்று பாருங்க.

எத்தனை பக்கம் வந்தது தெரியுமா? ஆறு. ஒன்பதும் இல்லை, நாலும் இல்லை. விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு அட்டவணையை அட்டவணையாகப் பார்த்தால் அதுவே தனக்கு வேண்டிய இடத்தைச் சொல்லும். அவள் நெறியாளர் மூலமாக ஒரு விளக்கக் கடிதம் எழுதினாள்: பிழைகள் எழுத்தில் இல்லை, வரி இடைவெளியில். பழைய பக்கம், புதிய பக்கம் ரெண்டையும் இணைத்தாள். தேர்வாளர் ஏற்றுக்கொண்டார். மறுபடி அஞ்சு பிரதி பைண்டிங். போன மாதங்கள் போனதுதான். அதற்குள் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் தேதியும் முடிந்து போனது. அதை யாரும் ஒட்டித் தர முடியாது.

பல்கலைக்கழக விதி எழுதுகிற பெரியவர்களே, ஒரே ஒரு வரி சேருங்க. "அட்டவணைகளுக்கு வரி இடைவெளி விதி பொருந்தாது; எழுத்தின் எந்தப் பகுதியும் வெட்டுப்படாமலும் வரிசைகள் பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும்." அந்த வரியை நீங்க ஒன்றரை இடைவெளியிலேயே அடிச்சுக்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை :-)

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்டால், எங்க ஊர் பேரையே பாருங்க. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். நெசவாளர்களைக் குடியமர்த்திய இந்த ஊருக்கு அவர் பேரை வைத்தார்கள்: காலெட் பேட்டை. அது வாய் மாறி, காது மாறி, காலடிப்பேட்டை ஆச்சு. முந்நூறு வருஷமாய் யாரும் திருத்தவில்லை. 2021-ல் திறந்த மெட்ரோ நிலையத்துக்கும் அதே பேர்தான். ஒரு தடவை தப்பாய் நின்ற எழுத்து எவ்வளவு காலம் நிற்கும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். நான் அந்தத் தப்பின் மேலேதான் குடியிருக்கேன்.

ஊர் பேர் பரவாயில்லை, அழகாத்தான் இருக்கு. மீன்கார அம்மாவின் கல்வித் தகுதி அப்படி நிற்க வேண்டாம்.

டிஸ்கி: இப்போ அக்கா பொண்ணு தோழிகள் எல்லாம் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். வாங்க, வாங்க. எவ்வளவு ஆணி இருந்தாலும் இனிமேல் கடைக்கு அனுப்ப மாட்டேன்.